புகுமுகம்



கம்பம் பள்ளத்தாக்கின் கோடியில், மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் எடுத்தாற்போல் எழுந்து நிற்கும் இடத்தில், லோயர் கேம்ப் என்று ஓர் ஊர் இருக்கின்றது. கூடலூரைக் கடந்து குமுளி மலையேறுவோர் கடைசியாகக் காணும் சமவெளி ஊர் அது. தமிழ்நாட்டு ஊருக்கு ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது என்று வெளியூரார் கேட்பதுண்டு. 1887இல் மலைமேல் பெரியாற்று அணையின் வேலை தொடங்கிற்று. மேலே ஏற்ற வேண்டிய பண்டங்களும் ஆட்களும் தங்குவதற்கு அடிவாரத்தில் ஒரு முகாம் வேண்டியிருந்தது. கீழ் முகாம் என்பதே அப்பெயரின் பொருள். 1895 அக்டோபரில் சென்னை மாகாணக் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். கூடாரங்கள் போயின, பெயர் மட்டும் ஊன்றி நின்றுவிட்டது.

கல்லூரியில் இளங்கலை வகுப்பிற் புதிதாகச் சேரும் மாணவரைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டார்கள். நான் கல்லூரிக்குப் புறப்பட்டது இந்த ஊரிலிருந்துதான். ஆகவே, பட்டப் படிப்பு என்னும் பொருள் இம்மலையடிவாரத்திற்கு எவ்வளவு தொலைவில் இருந்தது, எப்படிக் கிட்ட வந்தது என்பதை முதலிற் சொல்லி, பிறகு புதுமுகங்களை வரவேற்கும் வழக்கத்தின் கதைக்கு வருகின்றேன். அக்கதையில் இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு.

அணை கட்டிய பென்னிகுயிக் பெருமகனாரை இப்பள்ளத்தாக்கில் அறியாத குழந்தை இல்லை. லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது. 2013 ஜனவரி 15ஆம் நாள், அவர் பிறந்த நாளன்று, அது திறக்கப்பட்டது. ஆயினும் அவர் வாழ்வில் ஒரு பகுதியை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. அணை முடிந்த மறு ஆண்டே, 1896இல், இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்திலிருந்த இந்தியப் பொறியியற் கல்லூரிக்கு அவர் தலைவரானார். இந்தியாவில் கால்வாயும் சாலையும் அமைக்க வேண்டிய பொறியாளர்களைப் பழக்குவதற்காகவே ஏற்பட்ட கல்லூரி அது. நம் மலையில் வெள்ளத்தோடு போராடியவர், பின்னர்ப் பாடம் கேட்க வந்த இளைஞரை வரவேற்கும் இடத்தில் அமர்ந்தார். இந்தியாவுக்காக நிறுவப்பட்ட அக்கல்லூரியில் இந்தியர் மிகச் சிலரே பயின்றனர் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அக்காலத்தில் இப்பள்ளத்தாக்கின் உழவர் வீட்டுப் பிள்ளைக்குப் பி.ஏ. என்பது என்ன? சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்த அது, தொடக்கத்திற் பாடம் நடத்தவில்லை; தேர்வு மட்டுமே நடத்திற்று. 1904ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே கற்பிக்கும் உரிமை அதற்கு வந்தது. ஆகவே 'பல்கலைக்கழக மாணவன்' என்று ஒருவனை அழைத்தாலும், அவன் பல்கலைக்கழகத்தைப் பார்த்தது பெரும்பாலும் தேர்வு மண்டபத்தில்தான். அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்: சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும். தாமோதரம் பிள்ளையை நாம் பட்டத்திற்காக நினைப்பதில்லை. ஏடுகளில் மடிந்துகொண்டிருந்த பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியதற்காக நினைக்கின்றோம். அவர் கலித்தொகையைப் பதிப்பித்து வெளியிட்ட ஆண்டு 1887. பெரியாற்றில் அணைவேலை தொடங்கிய அதே ஆண்டு! தொடர்பு ஏதும் இல்லைதான். ஆனால் ஆண்டுகளை அடுக்கிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்க்கு இத்தகைய ஒற்றுமைகள் ஒரு மகிழ்ச்சி.

நம் பக்கத்தில், மதுரையே கல்லூரிக்கு எல்லை. பசுமலையில் 1881இல் கல்லூரியாக வளர்ந்து பின்னர் மதுரை நகருக்கு இடம் பெயர்ந்த அமெரிக்கன் கல்லூரி. 1889இல் ஏற்பட்ட மதுரைக் கல்லூரி. லோயர் கேம்பிலிருந்து மதுரை 120 கிலோமீட்டருக்கு மேல். 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இரயில் வந்தது. அது தேனியைத் தொட்டதே அன்றிக் கம்பத்தைத் தொடவில்லை. அதையும் இரண்டாம் உலகப் போர் பொறுக்கவில்லை; போர்த் தேவைக்காகத் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துக் கொண்டு போனார்கள். 1950களில்தான் அவை மீண்டும் இடப்பட்டன. இவ்வளவு வழியைக் கடந்தாலும், விடுதிச் செலவும் சாப்பாட்டுச் செலவும் இருந்தன. நிலமும் வசதியும் உள்ளவர் பிள்ளைகள் சென்றனர். மற்றவர்க்குப் பள்ளியிறுதியே பட்டமாயிற்று. பெண்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மதுரையில் டோக் பெருமாட்டி கல்லூரி 1948இல்தான் தோன்றியது.

1956இல் ஒரு மாறுதல் நேர்ந்தது. ஹாஜி கருத்த ராவுத்தர் அவர்கள் உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியைத் தோற்றுவித்தார். அவர் பெயர் தாங்கிய அந்த ஹௌதியா கல்லூரி லோயர் கேம்பிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் இருக்கின்றது. விடுதியில்லாமல், காலையிற் பேருந்து ஏறி மாலையில் வீடு திரும்பிப் படிக்கலாம் என்ற நிலை முதன்முறையாக இப்பள்ளத்தாக்கிற்கு வந்தது. 1958இல் லோயர் கேம்பில் பெரியாற்று மின்னிலையம் மின்சாரம் தரத் தொடங்கிற்று. மின்வாரியக் குடியிருப்பில் விளக்குகள் எரிந்தன. அணைநீர் வயலுக்கு வந்து அறுபது ஆண்டு சென்ற பின்னரே கல்லூரி வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் மலையைக் குடைந்து வந்ததைவிடக் கல்வி மெதுவாக வந்தது.

பிற்கால வளர்ச்சியை விரைந்து சொல்லிவிடலாம். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியது; 1978இல் அது காமராசர் பெயரைப் பெற்றது. 1971இல் பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி. 1996இல் தேனி மாவட்டம். 2004இல் தேனியில் அரசு மருத்துவக் கல்லூரி. 2012இல் போடிநாயக்கனூரில் அரசு பொறியியற் கல்லூரி.

இனி, கல்லூரி வாயிலுக்கு வருவோம்.

பழைய முறையில் பள்ளியிறுதி முடித்தவன் இரண்டாண்டு இண்டர்மீடியட் வகுப்பும், பின்னர் இரண்டாண்டு பி.ஏ. வகுப்பும் படித்தான். 1956-57இல் சென்னைப் பல்கலைக்கழகம் இண்டர்மீடியட்டை நீக்கி, ஓராண்டுப் புகுமுக வகுப்பையும் மூன்றாண்டுப் பட்ட வகுப்பையும் கொண்டுவந்தது. பி.யூ.சி. என்று உங்கள் தாத்தா பாட்டியர் சொல்வது இதைத்தான். புகுமுகம்! எவ்வளவு பொருத்தமான சொல்! ஊருக்குள் நுழையும் வழி என்பது அதன் பொருள். பதினாறு வயதுப் பையன் தமிழிற் படித்த பள்ளியை விட்டு வருகின்றான். கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் வரலாறும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஆசிரியர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுக்க வேண்டும். பள்ளியிலோ கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதியே பழக்கம். நூலகத்தில் நூலைத் தேடி எடுக்க வேண்டும். இவற்றுக்குப் பழகிக்கொள்ள அந்த ஓராண்டு இடம் தந்தது. அதில் தடுக்கி விழுந்தவர்களும் மிகப் பலர், பி.யூ.சி.யில் தவறி ஊர் திரும்பியவர் இல்லாத தெரு இப்பள்ளத்தாக்கில் அரிது. எனினும், அது வாயில் என்பதைக் கல்லூரியும் அறிந்திருந்தது, மாணவனும் அறிந்திருந்தான்.

1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளிகள் வந்தன. புகுமுக வகுப்பு மறைந்து, பதினொன்றும் பன்னிரண்டும் பள்ளிக்குள் சென்றன. இதனால் விளைந்த நன்மை பெரிது. வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்ப அஞ்சிய பெற்றோர், தம் பெண்ணை இன்னும் இரண்டாண்டு உள்ளூரிலோ அடுத்த ஊரிலோ படிக்க வைத்தார்கள். அந்த மாற்றத்தை நான் குறை கூற மாட்டேன். ஆனால் ஒன்று நழுவியது. வாயிலாக இருந்த ஆண்டு போயிற்று. மாணவர் நேரே கூடத்திற்குள் வந்து நின்றார்கள். முதல் நாளே பட்டப் படிப்பின் முதற்பாடம். வீட்டிற் கல்லூரி கண்டவர் ஒருவரும் இல்லாத பிள்ளைக்கு, பருவத் தேர்வு என்றால் என்ன, அகமதிப்பீடு என்றால் என்ன, வருகைப் பதிவு குறைந்தால் என்ன நேரும் என்று சொல்ல ஆள் இல்லை. அறிவுக் குறையால் நின்றுவிடுபவர் சிலர். இவற்றைக் கேட்க நாணி, முதற் பருவத்திலேயே நின்றுவிடுபவர் பலர் என்பது என் எண்ணம்.

அந்த வெற்றிடத்தில் வேறொன்று புகுந்தது. அதுவே நான் முன்னே சொன்ன கசப்பு.

புதியவனை வதைக்கும் வழக்கம் நம் நாட்டில் தோன்றியதன்று. இடைக்காலப் பாரிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் புதிய மாணவனுக்கு 'மஞ்சள் அலகு' என்று பெயர் வைத்திருந்தார்கள். கூட்டைவிட்டு வெளிவராத குஞ்சு என்பது கருத்து. பழைய மாணவர்க்கெல்லாம் அவன் விருந்து வைக்க வேண்டும், இல்லையேல் தொல்லை. அதைத் தடுக்கப் பதினான்காம் நூற்றாண்டிலேயே விதிகள் செய்தார்கள். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் இது ஒரு சடங்காகவே நடந்தது. புதியவனுக்குக் கொம்பு வைத்த தொப்பியை அணிவிப்பார்கள். அவன் மனிதன் அல்லன், விலங்கு! கொம்பைத் தட்டி வீழ்த்துவார்கள். பொய்ப் பல்லை இடுக்கியாற் பிடுங்குவது போல் நடிப்பார்கள். முடிவில் நாவில் உப்பிட்டு, தலையில் திராட்சை மது தெளித்து, 'இன்று முதல் நீ மாணவன்' என்பார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கின்றது. கொம்பை அணிந்து நின்றவனுக்குச் சிரிப்பு வந்திருக்காது. இங்கு இன்னொரு செய்தி: இளங்கலைப் பட்டத்தைக் குறிக்கும் 'பாச்சிலர்' என்ற சொல்லும், வீரர் வரிசையிற் கடைநிலையில் நின்ற இளைஞனைக் குறித்த சொல்லிலிருந்தே வந்தது. இளங்கலை என்று நாம் தமிழாக்கியபோது அந்த இளமையை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைநிலையை விட்டுவிட்டோம். நல்ல காரியம்.

சிரிப்பு எங்கே முடியும் என்பதைத் தமிழ்நாடு 1996இல் கண்டது. முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் விடுதியில் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். நாடே கலங்கியது. 1997இல் தமிழ்நாட்டில் பகடிவதையைத் தடை செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிகள் வகுத்தது. இன்று நீங்களும் உங்கள் பெற்றோரும் சேர்க்கையின்போது கையெழுத்திடும் உறுதிமொழித் தாள் அவ்விதிகளின் விளைவு. படிவங்களோடு படிவமாக அதைக் கையெழுத்திட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். ஓர் உயிர் போன பின் எழுதப்பட்ட தாள் அது.

வதையைத் தடுத்தால் மட்டும் வரவேற்பு ஆகிவிடுமா? 2019இல் மானியக் குழு, புதிய மாணவர்க்கான அறிமுகப் பயிற்சிக்கு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. தீக்ஷாரம்பம் என்று அதற்குப் பெயர். பாடம் தொடங்குமுன் கல்லூரியைச் சுற்றிக் காட்டுதல், ஆசிரியரோடு உரையாடல், மூத்த மாணவர் துணை, உடற்பயிற்சி, கலை, ஊர்ப்புறம் காணல் என அது விரிகின்றது. எண்ணம் நல்லது. நடைமுறையில் சில இடங்களில் அது மேடைப் பேச்சு ஐந்தும் தேநீரும் என்று சுருங்கிவிடுகின்றது. பேசுவோர் எல்லாரும் 'உங்கள் எதிர்காலம் உங்கள் கையில்' என்கின்றார்கள். நூலக அட்டை எங்கே வாங்குவது என்று ஒருவரும் சொல்வதில்லை!

இதற்கெல்லாம் மூத்த ஒரு வழிகாட்டி நம்மிடம் இருக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இலக்கணத்தைத் தொடங்குமுன் பொதுப்பாயிரம் என்ற பகுதியை வைத்திருக்கின்றது. நல்லாசிரியன் யார், யார் ஆசிரியனாகத் தகாதவன், எப்படிக் கற்பிப்பது, மாணவன் யார், எப்படிக் கேட்பது என்று முறையாகச் சொல்லிவிட்டே எழுத்துக்கு வருகின்றது. மாணவனுக்கு அறிவுரை சொல்வதற்கு முன்னே ஆசிரியனுக்குச் சொல்கின்றது, கவனியுங்கள். அதில் ஒரு கணக்கும் உண்டு. ஆசிரியர் சொன்னதை முற்றும் கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கே. உடன் பயில்வாரோடு கூடிப் பயில்வதால் ஒரு கால் பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வருகின்றது.

இக்கணக்கை வைத்துப் பார்த்தால், முதலாண்டு மாணவனுக்கு வழிகாட்டும் மூன்றாமாண்டு மாணவன் தருமம் செய்யவில்லை. தன் அரைப்பங்கைச் சம்பாதிக்கின்றான். சில கல்லூரிகளில் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்தவர்க்கு முதற் சில வாரம் இணைப்புப் பாடம் நடத்துகின்றார்கள். அங்கே மூத்த மாணவர் உடனிருந்து கலைச்சொற்களை விளக்குவதும் உண்டு. பாரிஸில் மஞ்சள் அலகைக் கொத்திய வேலைக்கும் இந்த வேலைக்கும் எத்தனை தூரம்!

உங்களிற் சிலர்க்கு இன்னும் நடைமுறையான கவலை இருக்கும் என்பதை அறிவேன். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பயின்று உயர்கல்வியிற் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இவற்றுக்குக் கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியிற் பெற்ற சான்றுகளின் படிகளையும், வங்கிக் கணக்குப் புத்தகத்தையும், ஆதார் அட்டையையும் ஓர் உறையில் இட்டுச் சேர்க்கை நாளிலேயே கொண்டு செல்லுங்கள். அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால், வாயிலில் நிற்கும் இரண்டாமாண்டு மாணவரைக் கேளுங்கள். சென்ற ஆண்டு அவரும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்.