சோழமண்டலத்தின் பெயர் தாங்கிய கொக்கு

காவிரியில் நீர் வந்து, கும்பகோணத்தைச் சுற்றியுள்ள வயல்களில் குறுவைக்கான உழவு தொடங்கியதும், சொல்லி வைத்தாற்போல் வெள்ளைக் கொக்குகள் வந்து இறங்குகின்றன. மண் புரளப் புரள அவையும் பின்னாலேயே நடக்கின்றன. உழவு முடிந்து மாடுகள் வரப்பில் மேயப் போனால் அங்கும் உடன் செல்கின்றன. இந்தப் பறவைக்கு உண்ணிக்கொக்கு என்று பெயர். நாள்தோறும் காண்பதாலேயே நாம் இதைக் கூர்ந்து நோக்குவதில்லை. ஆனால், நமது சோழமண்டலத்தின் பெயரை அறிவியல் ஏடுகளில் தாங்கி நிற்கும் பறவை இது. கடந்த 150 ஆண்டுகளில் பெருங்கடல்களைத் தாண்டிப் புதிய கண்டங்களில் குடியேறிய இனம் இது. இதன் வரலாறு மனிதனின் ஏரோடும் மாட்டோடும் பின்னிப் பிணைந்தது.

இனம் காண்பது எப்படி?

வெண்ணிறமாக இருப்பன எல்லாம் ஒரே கொக்கு அல்ல. நம் வயல்களில் காணும் சின்னக் கொக்கிற்கு அலகு கறுப்பு; காலும் கறுப்பு; விரல்கள் மட்டும் மஞ்சள். பெரிய கொக்கு நல்ல உயரம். அதன் நீண்ட கழுத்தில் ஒரு முறிவு தெரியும். உண்ணிக்கொக்கோ குட்டையானது, தடித்த கழுத்தும் மஞ்சள் அலகும் உடையது. உடலின் நீளம் ஏறத்தாழ அரை மீட்டர்; எடை அரைக் கிலோவுக்கும் குறைவே. இனப்பெருக்கக் காலத்தில் தலை, கழுத்து, மார்பு, முதுகு ஆகிய இடங்களில் இளம் ஆரஞ்சு நிற இறகுகள் தோன்றுகின்றன. அப்போது இதை யாரும் எளிதில் அடையாளம் காணலாம். குளக்கரையில் அசையாமல் நிற்கும் பழுப்பு நிற மடையான் வேறோர் இனம். அது பறக்கும்போதுதான் அதன் வெள்ளைச் சிறகுகள் தெரியும்.

பட்டீச்சரத்தை அடுத்த சத்திமுற்றத்துப் புலவர் ஒருவர் தூது விட்ட நாரையைப் பலரும் அறிவர். சிவந்த காலும் சிவந்த அலகும் கொண்ட அந்த நாரை, கொக்குக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. வானத்தைப் பார்த்தே இரண்டையும் பிரித்தறியலாம். அந்த நாரை பறக்கும்போது கழுத்தை முன்னே நீட்டிச் செல்லும். கொக்கு கழுத்தை மடக்கித் தோளோடு சேர்த்துக்கொண்டு பறக்கும்.

பெயர் வந்த வரலாறு

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-இல் இக்கொக்கிற்கு ஆர்டியா ஐபிஸ் என்று பெயரிட்டார். ஐபிஸ் என்பது எகிப்தியர் புனிதமாகப் போற்றிய வேறொரு பறவையின் பெயர். அது பிழையாக இதன்மேல் ஏறிவிட்டது. பின்னர் பிரெஞ்சு இயற்கை அறிஞர் புஃபோன் வெளியிட்ட வண்ணப்படத் தொகுதியில், சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற ஒரு பறவையின் படமும் இடம்பெற்றது. புஃபோன் தம் பறவைகளுக்கு இலத்தீன் பெயர் சூட்டவில்லை. அந்தக் குறையை நீக்க டச்சு மருத்துவர் போடார்ட் 1783-இல் அப்படங்களுக்கெல்லாம் முறையான பெயர்களைத் தந்தார். அப்போது நமது பறவைக்குக் கிடைத்த பெயர் கோரமாண்டா. சோழமண்டலம் ஐரோப்பியர் நாவில் கோரமண்டல் ஆயிற்று. கோரமண்டல் கொக்கின் பெயராயிற்று.

1855-இல் போனபார்ட் என்னும் பறவையியலார் இதற்குப் புபுல்கஸ் என்ற பேரினப் பெயரை அமைத்தார். இலத்தீன் மொழியில் இதற்கு மாட்டுக்காரன் என்று பொருள். ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய கண்டங்களில் வாழ்வது மேற்கத்திய உண்ணிக்கொக்கு என்றும், ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழ்வது கிழக்கத்திய உண்ணிக்கொக்கு என்றும் இரண்டு இனங்களாகப் பிரிப்பது இன்று வழக்கமாகி வருகிறது. சோழமண்டலத்தின் பெயர் கிழக்கத்திய இனத்திற்கே உரியது.

தமிழ்ப் பெயரிலும் ஒரு செய்தி உண்டு. மாட்டின் உடலில் உள்ள உண்ணியைப் பொறுக்குவதால் உண்ணிக்கொக்கு என்கிறோம். உண்மையில் இதன் உணவில் உண்ணியின் பங்கு மிகச் சிறிது. வெட்டுக்கிளி, சில்வண்டு, ஈ, அந்துப்பூச்சி, சிலந்தி, மண்புழு, தவளை ஆகியவையே இதன் முதன்மையான உணவு. மாடு நடக்கும்போது புல்லிலிருந்து தத்தி எழும் பூச்சிகளுக்காகவே கொக்கு அதன் காலடியில் காத்து நிற்கிறது. தனியாக இரை தேடுவதைவிட மாட்டுடன் செல்லும்போது மூன்று மடங்குக்கும் மேலாக வெற்றி கிடைக்கிறது என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. மாட்டுக்கும் இழப்பில்லை, கொக்குக்கும் உழைப்பு மிச்சம்.

நீரை விட்டு நிலத்துக்கு

கொக்கு என்றால் மீன்பிடிக்கும் பறவை என்பதே நம் எண்ணம். மீன்பிடிப்பதில் ஓர் இயற்பியல் சிக்கல் இருக்கிறது. நீரில் அமிழ்த்திய குச்சி வளைந்து தோன்றுவதை நாம் அறிவோம். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. ஒரு கொக்கு நீர்ப்பரப்பைச் செங்குத்துக் கோட்டிலிருந்து 45 பாகைச் சாய்வில் நோக்குவதாகக் கொள்வோம். நீருக்குள் அந்த ஒளிக்கதிரின் கோணம் ஏறத்தாழ 32 பாகைதான். மீன் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால், பார்வை நீரில் நுழையும் புள்ளியிலிருந்து அது 6.3 செ.மீ. தள்ளி இருக்கும். ஆனால் பார்வைக் கோட்டின் வழியே நேராகக் குத்தினால், அதே ஆழத்தில் அலகு 10 செ.மீ. தள்ளிச் சென்றுவிடும். பிழை 3.7 செ.மீ. சிறு மீன் தப்பிப் பிழைக்க இது தாராளமாகப் போதும்.

ஆயினும் கொக்குகள் மீனைப் பிடிக்கத்தான் செய்கின்றன. இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர் காட்சிரும் அவருடைய கூட்டாளியும் 1987-இல் கரைக்கொக்கு என்னும் கடற்கரை இனத்தை ஆராய்ந்து, அது குத்துவதற்கு முன் இந்தப் பிழையைத் திருத்திக்கொள்கிறது என்று காட்டினர். 1999-இல் காட்சிர் குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. ஒளிவிலகலைச் சமாளிக்கும் திறன் உண்ணிக்கொக்கிற்கு மற்றக் கொக்குகளைவிடக் குறைவு என்று அது தெரிவித்தது. நிலத்தில் பூச்சி பிடித்தே வாழும் பறவைக்கு அந்தக் கணக்குத் தேவைப்படவில்லை. குளத்தை விட்டு மாட்டின் பின்னால் நடக்கத் தொடங்கிய ஒரு வாழ்க்கை முறையின் வரலாறு அதன் கண்ணிலும் குத்தும் முறையிலும் எழுதப்பட்டிருக்கிறது எனலாம்.

கடல் கடந்த பயணம்

பழைய காலத்தில் உண்ணிக்கொக்கு ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பாவின் சில பகுதிகள், தெற்கு ஆசியா ஆகிய இடங்களோடு நின்றிருந்தது. அமெரிக்கக் கண்டங்களில் அது இல்லை. நம் மாடுகளும் அங்கு இல்லை. 1493-இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் மாடுகளைக் கொண்டு சென்றார். அடுத்த நூற்றாண்டுகளில் காடுகள் அழிந்து மேய்ச்சல் நிலங்கள் பெருகின. வீடு கட்டி முடிந்தது; குடி வருவோர்தான் பாக்கி.

1877-இல் தென் அமெரிக்காவின் வடகரையில், கயானா-சூரிநாம் எல்லைப் பகுதியில் இக்கொக்கு முதன்முதலாகக் காணப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலின் குறுகிய பகுதி ஏறத்தாழ 3000 கி.மீ. அங்கு வணிகக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது. காற்றின் துணையோடு மணிக்கு 60 கி.மீ. வேகம் எனக் கொண்டால், 50 மணி நேரப் பயணம். ஒரு பறவைக்கு இது கடினம், ஆனால் இயலாததன்று. 1930-களில் அங்கு நன்றாக வேரூன்றிய இனம் 1953-இல் ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவில் கூடு கட்டியது. 1962-இல் கனடாவிலும் கூடு கட்டியது. மறுபுறம், கிழக்கத்திய உண்ணிக்கொக்கு 1940-களில் ஆஸ்திரேலியாவில் குடியேறியது. 1960-கள் முதல் நியூசிலாந்துக்கும் சென்று வருகிறது. இன்று அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்ணிக்கொக்கு உண்டு.

மனிதன் தானே எடுத்துச் சென்றதும் உண்டு. மாட்டு ஈக்களைக் கட்டுப்படுத்த 1959-இல் ஹவாய்த் தீவுகளில் இக்கொக்குகள் விடப்பட்டன. அங்கு அவை அத்தீவுகளுக்கே உரிய நீர்ப்பறவைகளின் குஞ்சுகளைத் தின்று தொல்லையாகிவிட்டன. ஓரிடத்தில் உழவனின் தோழனான உயிர், வேறிடத்தில் பகையாகலாம். எந்த உயிரையும் இடம் பெயர்க்குமுன் மும்முறை எண்ண வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

இறகுக்கு வந்த விலை

இக்குடும்பத்தின் வரலாற்றில் ஓர் இருண்ட பகுதியும் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் சின்னக் கொக்கும் பெரிய கொக்கும் மெல்லிய வெண்ணிறத் தோகை இறகுகளைப் பெறுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியப் பெண்டிரின் தொப்பிகளுக்கு இந்த இறகுகள் வேண்டியிருந்தன. அவற்றின் விலை தங்கத்தின் விலையோடு போட்டியிட்டது. கூடு கட்டும் காலத்தில்தான் இறகு கிடைக்கும் என்பதால், தாய்ப் பறவையைச் சுட்டபோது கூட்டிலிருந்த குஞ்சுகளும் பட்டினியால் மாண்டன.

1902-இல் இந்திய அரசாங்கம் பறவை இறகுகளின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. கள்ளக் கடத்தல் நிற்கவில்லை. வாங்குவோர் நாடான பிரிட்டன் 1921-இல் இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. தொப்பிகளின் மோகமும் மாறிய பிறகே இந்த வாணிபம் ஓய்ந்தது.

ஊர்கள் காத்த கூடுகள்

சட்டங்கள் பிறப்பதற்கு முன்பே நம் ஊரார் வழிகாட்டினர். செங்கற்பட்டுப் பகுதியில் உள்ள வேடந்தாங்கல் ஏரியில் கூடும் பறவைகளைப் படைவீரர்கள் சுட்டதை எதிர்த்து மக்கள் முறையிட்டனர். அதன்பேரில் 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுத்து வடிவில் வழங்கினார். அது 1858-இல் புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் ஏரி அரசின் ஏற்பைப் பெற்ற சரணாலயமாயிற்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. அந்நீர் பாயும் வயல் நன்கு விளையும் என்பதை உழவர் அனுபவத்தில் கண்டிருந்தனர். அருளும் பொருளும் அங்கே ஒன்றாயின.

நம் டெல்டாவில் வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் பறவைகள் சரணாலயங்களாக உள்ளன. 2022-இல் இவை இரண்டும் வேடந்தாங்கலும் உலகச் சிறப்பு வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

இன்றைய நிலை

தஞ்சைத் தரணியின் வேளாண்மை இரண்டு தலைமுறைகளில் பெரிதும் மாறிவிட்டது. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 நெல் வந்தது. உரமும் பூச்சிமருந்தும் உடன் வந்தன. பூச்சியைக் கொல்லும் மருந்து பூச்சியைத் தின்னும் பறவையின் கொழுப்பிலும் சேர்கிறது. வேளாண்மையில் டி.டி.டி. பயன்படுத்துவது 1989-இல் தடை செய்யப்பட்டது. எனினும் இத்தகைய மருந்துகள் மண்ணில் நெடுங்காலம் தங்கக்கூடியவை. உழவு மாடுகள் அருகிப்போய் டிராக்டர் வந்துவிட்டது. கொக்கோ சளைக்கவில்லை, டிராக்டரின் பின்னாலும் ஓடுகிறது. அங்கும் இரை குறைவதில்லை; நடைதான் கூடுகிறது என்று ஆய்வு சொல்கிறது.

இயந்திரத்தோடு பழகிக்கொண்ட பறவையால் கண்ணியோடு பழகிக்கொள்ள முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கொக்கைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். இருந்தும் டெல்டா மாவட்டங்களில் வலை வைத்துக் கொக்குகளையும் மடையான்களையும் பிடித்து இறைச்சிக்கு விற்பது தொடர்கிறது. ஒரு கூட்டில் மூன்று முதல் ஐந்து முட்டைகள். அடைகாக்க ஏறத்தாழ 23 நாட்கள். குஞ்சு தனித்து வாழ மேலும் ஆறு வாரங்களுக்கு மேல் ஆகிறது. அதற்குள் பெற்றோரில் ஒன்று வலையில் சிக்கினாலும் கூடு முழுவதும் தடுமாறும். சாலையோரப் புளியும் தூங்குமூஞ்சியும் வெட்டப்படும்போது, நூற்றுக்கணக்கான கொக்குகள் இரவில் அடையும் இடமும் போய்விடுகிறது.

உலகெங்கும் பரவிய இனம் அழியாது என்று நாம் சும்மா இருந்துவிடக் கூடாது. புளோரிடாவில் கொக்கு பெருகுவதால் கும்பகோணத்து வயலின் வெட்டுக்கிளி குறையப் போவதில்லை. நம் வயலுக்கு வேண்டியது நம் ஊர்க் கொக்கு. மாணவர்கள் தத்தம் ஊரில் கொக்குகள் அடையும் மரங்களைக் கண்டறிந்து, மாலையில் வந்து சேரும் பறவைகளை மாதம் ஒருமுறை எண்ணி, நாளும் எண்ணிக்கையும் குறித்து வைக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும். பத்து ஆண்டுகள் தொடர்ந்தால், அதுவே அந்த ஊரின் இயற்கை வரலாறாகும். 1798-இல் வேடந்தாங்கல் மக்கள் கேட்டுப் பெற்ற எழுத்துச் சான்று ஓர் ஏரியைக் காத்தது. நம் கையெழுத்தில் உள்ள கணக்கு, ஊர்ச்சாலையின் ஒரு புளியமரத்தையாவது காக்கட்டும்.