பச்சைக்கல் அங்கி

நம் பட்டணங்களிற் சீன மாதர் காப்பாய் அணியும் ஜேட் என்னும் பச்சைக்கல், பிணத்தை அழியாது காக்குமென்று ஹான் காலத்து அரசர் நம்பினர். கி.மு. 113-இல் மாண்ட சிற்றரசன் லியு ஷெங்கின் உடலை, பொற்கம்பியால் தைத்த 2,498 கல்வில்லைகளாலான அங்கியிற் பொதிந்து புதைத்தனர். கத்திக்கு அறுபடாத கல் அது; நீரும் மணலுமிட்டுத் தேய்த்துத் தேய்த்தே அறுத்தல் வேண்டும். வில்லைதோறும் மூலைகளில் துளையிட்ட கைகள் எத்தனையோ! இத்துணை உழைப்பும் ஒரு பிணத்திற்கென்றால் நாம் என் சொல்வது? 1968-இல் மான்செங்கில் அக்கல்லறை திறக்கப்பட்டபோது அங்கி இருந்தது, உடலோ மண்ணாகியிருந்தது.

இவ்வுண்மையைச் சீன அரசன் ஒருவனே முன்னர் உணர்ந்திருந்தான். கி.பி. 222-இல் வேய் மன்னன் சாவ் பீ, எலும்புக்கு நோவில்லை, கல்லறை ஆவியின் வீடுமன்று என்று ஆணையில் எழுதி, பொன்னுக்காகக் கள்வர் அங்கிகளை எரித்ததையும் சுட்டி, தனக்கு அது வேண்டாவென விலக்கினான்.