சமய வாதங்களும் ஏதுப்போலிகளும்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று இன்று வழங்கும் வீதி முன்னாளில் பிட் தெரு எனப்பட்டது. இங்கிலாந்தின் தலைமையமைச்சராயிருந்த வில்லியம் பிட் என்பாரின் பெயர் அது. இச்சாலையின் வடமுனையை அடுத்து, 1818 இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயம் நிற்கின்றது. சிறிது தெற்கே வந்தால், 1800 ஆம் ஆண்டை ஒட்டிச் சீனர்கள் எழுப்பிய குவான் யின் கோயில். அதற்கும் அப்பால், குயின் தெருவில் வாயில் வைத்துப் பின்புறத்தை இச்சாலைக்குக் காட்டி நிற்பது, 1833 இல் கட்டப்பெற்ற மகா மாரியம்மன் கோயில். இன்னும் சற்று நடந்தால், தமிழ் முஸ்லிம்களின் தலைவராய் விளங்கிய கப்பித்தான் காதர் முகைதீன் 1801 இல் நிறுவிய பள்ளிவாசல் தன் கவிகைமாடங்களோடு தோன்றும். ஒரே நடையில் கடந்துவிடக்கூடிய தொலைவுக்குள் நான்கு சமயங்கள் இரு நூற்றாண்டுகளாக அண்டை வீட்டாராய் வாழ்ந்து வருகின்றன.

அண்டை வீட்டாரிடையே பேச்சு எழுவது இயல்பு. பேச்சு சில வேளை வாதமாகும். வாதம் சில வேளை பகையாகும். 'எங்கள் சமயமே தொன்மையானது. ஆகவே அதுவே உண்மை' என்பார் ஒருவர். 'எங்கள் மறை அவ்வாறு கூறுகின்றது. அதற்குமேல் என்ன சான்று வேண்டும்?' என்பார் மற்றொருவர். 'வேண்டினேன், பலித்தது' என்பார் இன்னொருவர். இவ்வாதங்களைக் கேட்கும்போது, எது சரியான காரணம், எது காரணம்போல் தோற்றமளிக்கும் போலி என்று பிரித்தறிய ஒரு வழி உண்டா என்ற வினா எழுகின்றது. அவ்வழியை நாம் பிறமொழி நூல்களில் தேடி அலைய வேண்டுவதில்லை. தமிழ்க் காப்பியம் ஒன்றே அதனை முறைப்படுத்தித் தந்திருக்கின்றது.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையை டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1898 இல் பதிப்பித்து வெளியிட்டார். அதன் 27 ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளையும் அணுகி, அவரவர் கொள்கையைக் கேட்கின்றாள். 29 ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு அளவை நூலைக் கற்பிக்கின்றார். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது மெய்ப்பிக்க வேண்டிய கூற்று. புகை உடைமையால் என்பது ஏது. அடுக்களைபோல என்பது எடுத்துக்காட்டு. இம்மூன்றிலும் போலிகள் நுழையும். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, எடுத்துக்காட்டுப்போலி 10. ஆக 33 போலிகளை அக்காதை பெயர் சுட்டி விளக்குகின்றது. வடமொழியில் சங்கரசுவாமி இயற்றிய நியாயப்பிரவேசத்தின் பகுப்போடு இது பெரிதும் ஒத்திருப்பதை அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். காப்பியம் ஒன்று தருக்க நூலின் பணியையும் மேற்கொண்டது தமிழில் அரிதான நிகழ்ச்சி.

அந்த ஏதுப்போலிகளுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நம் சாலைக்குத் திரும்புவோம்.

முதலாவது, சாதாரணம் என்பது. ஒரு முடிவுக்கு ஏற்ற இடத்திலும் ஏலாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏது எதனையும் நிறுவாது. 'ஒலி அழியக்கூடியது; ஏனெனில் அறியப்படுகின்றது' என்றால், அழியும் குடமும் அறியப்படுகின்றது, அழியாதெனக் கொள்ளப்படும் ஆகாயமும் அறியப்படுகின்றது. தொன்மை என்னும் ஏது இத்தகையது. ஒன்றோடொன்று முரண்படும் கொள்கைகள் பலவும் தொன்மை வாய்ந்தவையே. பிரார்த்தனை பலித்த கதையும் இவ்வாறே. 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு பொழிந்தபோது, தெய்வத்தை வேண்டியதால் பிழைத்தோம் என்று சொல்ல உயிரோடு எஞ்சியவர்கள் இருந்தனர். அதே நாளில் மாண்டவர்களுள் வேண்டாதவர் எத்தனை பேர்? அவர்கள் வந்து சாட்சி சொல்ல இயலாது. வேண்டுதல் இரு சாராரிடமும் இருந்திருக்குமானால், பிழைத்தமைக்கு அது மட்டும் ஏதுவாகாது.

இரண்டாவது, அன்னியதராசித்தம். வாதிடும் இருவருள் ஒருவர் மட்டுமே ஒப்புக்கொள்ளும் ஏது இது. மறை கூறுகின்றது என்பது அம்மறையை ஏற்றவருக்கு உறுதி தரும். ஏலாதவருக்கு, நிறுவ வேண்டியதையே சான்றாகக் கொண்டுவந்ததாய்த் தோன்றும்.

மூன்றாவது, சித்தாசித்தம். தொலைவில் தெரிவது புகையோ பனியோ என்னும் ஐயம் தீராமலே, நெருப்பு உண்டு என்று துணிதல். யாரோ கண்டதாக யாரோ சொன்ன அற்புதத்தின்மேல் ஒரு கொள்கையைக் கட்டுவது இந்தப் போலியே.

இத்துணையும் கேட்ட ஒருவர், 'அளவை நூல் சமயத்தின் பகை' என்று எண்ணக்கூடும். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. இச்சாலையிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும், தன் வீட்டு வாதத்தைத் தானே சோதித்த நம்பிக்கையாளர் தோன்றியிருக்கின்றனர். இதுவே நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

11 ஆம் நூற்றாண்டில் அன்செல்ம் என்னும் கிறித்தவ ஞானி, இதனினும் பெரியது இல்லை என்று எண்ணத்தக்க பொருள் இல்லாதிருத்தல் இயலாது. ஆகவே இறைவன் உளன் என வாதிட்டார். அதனை மறுத்தவர் நாத்திகர் அல்லர். கௌனிலோ என்னும் துறவியே. அவ்வாறாயின், இதனினும் சிறந்தது இல்லை என்று நான் எண்ணும் ஒரு தீவும் கடலில் எங்கோ இருந்தே தீர வேண்டுமே என்று அவர் கேட்டார். அந்தலூசியாவில் வாழ்ந்து 1198 இல் மறைந்த இப்னு ருஷ்து, இறைவனை நிறுவ இஸ்லாமிய வாதநூலார் வகுத்த சான்றுகள் உறுதியற்றவை என்று விரிவாக எழுதினார். அவர் மார்க்க நீதிபதியாகவும் இருந்தவர். உலகம் ஆக்கப்பட்டது, ஆகவே குயவனைப்போல் ஒருவன் உளன் என்னும் நையாயிகர் அனுமானத்தை இராமாநுசர் தம் ஸ்ரீபாஷ்யத்தில் ஏற்கவில்லை. மாளிகைகளைப் பலர் பல காலங்களில் கட்டுகின்றனர்; அவ்வுவமை ஒருவனையே காட்டும் என்பது எப்படி என்பது அவர் எழுப்பிய தடை. இறைவனை அறிய மறையே வழி, அனுமானம் அன்று என்பது அவர் துணிபு. குவான் யின் என்பது அவலோகிதேசுவரரின் சீனத் திருவுரு. அவர் சார்ந்த பௌத்த நெறியிலோ, கேசபுத்தத்துக் காலாமரிடம் புத்தர், கேள்விப்பட்டது என்பதற்காகவோ, வழிவழி வந்தது என்பதற்காகவோ, ஆசிரியர் சொன்னது என்பதற்காகவோ ஒன்றைக் கொள்ளவேண்டா என்று அறிவுறுத்தியதாகப் பாலி மறை கூறுகின்றது.

இவர்களுள் ஒருவரும் தம் நம்பிக்கையைத் துறந்தாரல்லர். நம்பிக்கையைத் தாங்கப் பழுதுபட்ட தூண் வேண்டா என்றே கருதினர்.

ஆயின் நம் காப்பியத்தின் குறையையும் மறைத்தல் கூடாது. பிற சமயங்களைச் சோதிக்கும் கருவியை இத்துணை நுட்பமாகத் தீட்டிய மணிமேகலை, அறவண அடிகள் 30 ஆம் காதையில் உரைக்கும் சார்பின் தோற்றத்தை அதே கருவியால் சோதிக்கக் காணோம். கேட்டவள் ஏற்றுக்கொள்கின்றாள், காப்பியம் முடிகின்றது. பிற்கால வாத நூல்களிலும் இந்நிலையே மிகுதி. பௌத்த நூலாகிய குண்டலகேசியை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி, அதனை அ. சக்கரவர்த்தி நயினார் 1936 இல் பதிப்பித்தார். இன்று நீலகேசி முழுமையாகக் கிடைக்கின்றது. குண்டலகேசியிலோ சில பாடல்களே எஞ்சின. தோற்றதாகச் சொல்லப்படும் கட்சியின் வாதத்தைப் பெரும்பாலும் வென்றவர் வாயால்தான் நாம் கேட்கின்றோம். எதிரியின் வாதத்தை வலுவிழக்கச் செய்து, பின் அதனை வீழ்த்துவது எளிது. அங்ஙனம் நிகழ்ந்ததா என்று ஆராய எதிரியின் ஏடு நம்மிடம் இல்லை.

அளவைக்கோல் பக்தர்க்கு மட்டும் உரியதும் அன்று. ஈ. வெ. ரா. பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தபோது பினாங்கில்தான் கரையிறங்கினார். அவருடைய வருகைக்குப்பின் இந்நாட்டுத் தமிழரிடையே மூடப்பழக்கங்களைக் கேள்வி கேட்கும் துணிவு வளர்ந்தது. அஃது ஒரு நற்பேறே. ஆனால் மறுப்பவர் பக்கத்திலும் போலிகள் உண்டு. 'பூசாரி ஏமாற்றினான், ஆகவே கடவுள் இல்லை' என்பது, ஏமாற்றியவன் யார் என்பதை நிறுவுமேயன்றி, இல்லாதது எது என்பதை நிறுவாது. 'அறிஞர் பலர் நம்பவில்லை' என்பதும் சாதாரணமே. நம்பிய அறிஞரும் பலர் உளர்.

இங்கே மீண்டும் அந்த மலையையும் பனியையும் நினைவுகூர்க. புகை என்று நாம் கண்டது பனியே எனத் தெளிந்தபின், மலையில் நெருப்பு இல்லை என்று முடிவு செய்தல் தவறு. நெருப்பு உண்டு என்பதற்கு அந்தப் பனி சான்றாகாது என்பது மட்டுமே தெளிந்தது. ஒரு வாதம் வீழ்ந்ததால் அதன் முடிவும் வீழ்ந்தது என்று ஆர்ப்பரிப்பவர், போலியைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியிலேயே இன்னொரு போலியில் விழுகின்றார்.

ஆகவே இக்கலையைப் பிறரை வெல்லும் வாளாகப் பயில்வதினும், தன் வீட்டுத் தராசாகப் பயில்வதே தக்கது. வணிகர் நிறைந்த இச்சாலையில் தராசின் அறம் யாவரும் அறிந்ததே. வாங்கும்போது ஒரு படிக்கல், விற்கும்போது மற்றொரு படிக்கல் வைப்பவரை எச்சமயத்தாரும் நேர்மையாளர் என்று சொல்லார். வாதத்திலும் அதுவே முறை. அண்டை வீட்டாரின் அற்புதத்தை எந்தக் கல்லால் நிறுத்தோமோ, நம் வீட்டு அற்புதத்தையும் அதே கல்லால் நிறுக்கும் துணிவு நமக்கு வேண்டும். அது வந்தால், தொழுகைக்கு அழைக்கும் குரலும், ஆலய மணியும், ஊதுவத்திப் புகையும் இச்சாலையில் ஒன்றையொன்று மறுக்காமல் இன்னும் பல நூற்றாண்டுகள் நிலவும்.