கடலோரக் கலைக்கூடமும் கால்வாய்க் கோடும்

தோழனே! சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஆறு நாள் உழைத்து அலுத்தவன், ஏழாம் நாள் மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு புதுவைக் கடற்கரைக்கு வருகிறான். காற்று வாங்குகிறான், சுண்டல் வாங்கித் தருகிறான், திரும்பிவிடுகிறான். அவன் முன்னோர் கடைந்த மணியும் வனைந்த கலமும் அங்கிருந்து கூப்பிடு தொலைவில் உள்ளன என்று அவனுக்குச் சொன்னவர் யார்? சொல்லும்படி இந்த நகரம் அமைந்ததா?

அமையவில்லை! ஆண்டவர்கள் நகரின் நடுவே வடக்குத் தெற்காகக் கால்வாய் ஒன்றை ஓடவிட்டனர். கடலை அடுத்த கிழக்குப் பகுதி வெள்ளையர் நகர். மேற்கே இருந்தது கறுப்பர் நகர். மனுவின் நூலைப் புரட்டாமலே பிரெஞ்சுக்காரன் ஊரையும் சேரியையும் வரைந்துவிட்டான். நம்மவர் மட்டும் சளைத்தவர்களா? கால்வாய்க்கு மேற்கே வெள்ளாளர் வீதி, வைசியாள் வீதி என்று தெருவுக்குத் தெரு குலப்பெயர் பொறித்துக்கொண்டனர்!

அதே பிரெஞ்சு நாட்டில் நடந்ததைக் கேள். மன்னன் மாளிகையான லூவர், 1793 ஆகஸ்டு 10-ஆம் நாள் மக்களின் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. அரசனுக்கு உரியதாயிருந்த ஓவியத்தின் முன் செருப்புத் தைப்பவன் நின்றான். அதே மாதத்தில் புதுவை ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. பாரிசில் வாசல் திறந்தது. இங்கோ பூட்டின் சொந்தக்காரன் மாறினான், அவ்வளவே.

அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-இல் வீலர் அகழ்ந்தபோது ரோமானிய மட்கலங்களும் மதுச்சாடிகளும் வெளிப்பட்டன. மணி செய்த தடயங்களும் கிடைத்தன. யவனர்க்கு மணி விற்ற கைகள் நம் கைகள். அந்த மணிகளுக்கு இடம் தந்தது, 1983-இல் செயிண்ட் லூயி வீதியில் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம். அங்கே டூப்ளேயின் கட்டில் என்று ஒன்றையும் காட்டினர். ஆளுநர் உறங்கிய கட்டிலுக்கு இடம் உண்டு. 1936 சூலை 30-இல் எட்டு மணி நேர வேலை கேட்டுக் குண்டுபட்டு மாண்ட பன்னிரு ஆலைத் தொழிலாளருக்கு எவ்வளவு இடம்?

கடலோரத்தில் புதுக் கலைக்கூடம் எழுப்புவோம் என்றால் கடலையும் அறிந்து எழுப்ப வேண்டும். 1989 வாக்கில் துறைமுகத் தடுப்புச் சுவர் எழுந்தபின் மணல் வரத்து தடைப்பட்டுக் கடற்கரை கரைந்தது. மணற்பரப்பு இருந்த இடத்தில் பாறை கொட்டினர். கடலைப் பார்த்து நின்ற பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து, 2021-இல்தான் மீண்டும் எழுந்தது. உப்புக் காற்று செப்புப் படிமத்தை அரிக்கும். ஆகவே அரும்பொருள் மேல்மாடியில், ஈரம் புகாத அறையில் இருக்கட்டும். கீழ்த்தளம் திறந்த தாழ்வாரமாக, தெருவே அதனூடே நடந்து கடலை அடையும்படி இருக்கட்டும்.

பில்பாவோ நகரில் 1997-இல் ஆற்றோரம் எழுந்த குக்கன்ஹைம் கூடத்தின் மினுமினுக்கும் மேனியைப் பலர் புகழ்வர். அதற்கு முன்பே ஆற்றைத் தூய்மை செய்யத் தொடங்கியதையும், 1995-இல் சுரங்க ரயில் விட்டதையும் சொல்லமாட்டார்கள்!

புதுவையில் வரைபடம் போடுவோர் முதற் கோட்டைக் கடற்பக்கத்திலிருந்து இழுக்க வேண்டாம். கால்வாய்க்கு மேற்கே, பேருந்து நிலையத்திலிருந்து இழுக்கட்டும். தலைவாசல் மேற்குப் பார்த்து இருக்கட்டும். அதன் முன் தமிழ் வீட்டுத் திண்ணை ஒன்று, கட்டணம் இன்றி உட்கார. பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் வரட்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை கதவைச் சாத்தாதிருக்கட்டும். சேதராப்பட்டுக்காரன் வருவது அப்போதுதான்.