தென் ஜோர்ஜியாத் தீவு

தென் அத்திலாந்திக் சமுத்திரத்தில், போக்லாந்துத் தீவுகளுக்குக் கிழக்கே ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர் தொலைவில் தென் ஜோர்ஜியா என்னும் தீவு இருக்கின்றது. பனி போர்த்த மலைகள் நிறைந்த அத்தீவிலே நிலையான குடிகள் இல்லை. விமானம் இறங்கும் தளமும் இல்லை. கடல்வழி சென்றோரே அதன் கரையை மிதித்தனர். அவர்கள் அங்கே ஆற்றிய செயல்களே அத்தீவின் வரலாறு.

1775ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் கப்டன் ஜேம்ஸ் குக் அங்கே இறங்கி, மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் பெயரைத் தீவுக்குச் சூட்டினார். மரமொன்றேனும் இல்லாத அந்நிலம் அவர் மனத்தைக் கவரவில்லை. ஆயினும், கரையிலே கடல்நாய்கள் மலிந்து கிடந்ததை அவர் எழுதிவைத்தார். அச்செய்தியே அப்பிராணிகளுக்கு யமனாயிற்று. தோல் வேட்டைக்காரர் திரண்டு வந்தனர். 1800–1801 பருவத்தில் ஒரே கப்பல் 57,000 தோல்களைச் சேர்த்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மென்மயிர்க் கடல்நாய்கள் காண்பதற்கே அரியனவாயின.

கரை வெறுமையாகவே, மனிதனின் கண் கடலை நோக்கியது. 1904ஆம் ஆண்டில் நோர்வே நாட்டவரான லார்சன், கிறிட்விக்கன் என்னுமிடத்தில் திமிங்கில வேட்டை நிலையத்தை நிறுவினார். 1965 வரையில் 175,000 திமிங்கிலங்களுக்கு மேல் அத்தீவிலே வெட்டப்பட்டன. வேட்டை ஓய்ந்தது இரக்கத்தினால் அன்று; திமிங்கிலம் அருகி, இலாபம் அற்றமையினாலேயே ஓய்ந்தது.

கப்பல்களோடு எலிகளும் வந்திறங்கியிருந்தன. வளைகளில் முட்டையிடும் கடற்பறவைகளை அவை அழித்தன. நெட்டைக்காலி இனத்தைச் சேர்ந்த சிறு பாட்டுப் பறவையொன்று அத்தீவுக்கே உரியது. அது எலிகள் எட்டாத சிற்றிடங்களில் ஒதுங்கி உயிர்பிழைத்தது. 2011 முதல் 2015 வரை ஹெலிகொப்டர்களிலிருந்து நஞ்சிட்ட இரையைத் தூவி எலிகளை ஒழித்தனர். 2018இல் எலியற்ற தீவு என்ற அறிவிப்பு வெளியாயிற்று. நெட்டைக்காலியின் பாட்டு முன்னைய இடங்களிலே மீண்டும் ஒலித்தது.

இன்று பயணக் கப்பல்களில் செல்வோர், கிறிட்விக்கனில் துருவேறிய எண்ணெய்க் கொப்பரைகளின் அருகே கடல்நாய்கள் உறங்குவதைக் காண்கின்றனர். சென் அன்ட்ரூஸ் குடாவிலே அரசப் பென்குயின்கள் கரையை நிறைத்து நிற்கின்றன. இறங்குமுன் ஒவ்வொருவரும் தம் காலணியிலும் ஆடையிலும் ஒட்டிய விதைகளைக் களைதல் வேண்டும். ஒரு நேரத்தில் ஓரிடத்தில் நூறு பயணிகளுக்கு மேல் இறங்குவதற்கு அனுமதி இல்லை.

எனினும், ஆபத்து முற்றாக நீங்கிவிடவில்லை. 2023இல் பறவைக் காய்ச்சல் அங்கே பரவி, யானைக் கடல்நாய்கள் பெருந்தொகையாக மாண்டன. கடல்நாய்த் தோலுக்காகத் தடியேந்தி மனிதர் இறங்கிய அதே கரையில், இன்று வருபவர் குனிந்து தம் காலணியின் மண்ணைத் துடைக்கின்றனர். இவ்விரு செயல்களுக்கும் இடையே இருநூறு ஆண்டுகள் கழிந்தன. இலட்சக்கணக்கான உயிர்களும் அழிந்தன.