ரேடியோ நெல் – டெல்டா வயலில் இறங்கிய டிரான்சிஸ்டர்

புது டிவி, புது செல்போன் எது வந்தாலும் முதலில் ஏதாவது ஒரு கண்காட்சியில்தான் தலைகாட்டும். அவற்றில் பேர்பெற்றது, ஒவ்வொரு ஜனவரியிலும் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடக்கும் சி.இ.எஸ். என்ற நுகர்வோர் மின்னணுக் கண்காட்சி. ஆனால் முதல் சி.இ.எஸ். நடந்தது லாஸ் வேகாஸில் அல்ல, நியூயார்க்கில். 1967 ஜூன் 24 முதல் 28 வரை. நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் கடை விரித்தன. சுமார் 17,500 பேர் வந்து பார்த்தார்கள். ஐ.சி. பொருத்திய சின்னஞ்சிறு பாக்கெட் ரேடியோவும் டிவியும் அந்த வருடத்துப் புதுமைகள்.

ஜூன் மாதம் என்றால் தஞ்சாவூர் ஜில்லாவில் குறுவைக்கு நாற்று விடும் காலம். அந்த வருடங்களில் அங்கே விவசாயிகள் தேடி வாங்கிய ஒரு விதைக்கு வேடிக்கையான பெயர் இருந்தது: 'ரேடியோ நெல்'. நியூயார்க்கில் ரேடியோ ஒரு காட்சிப்பொருள். காவிரி டெல்டாவிலோ அது நெல்லுக்கே பெயராகிவிட்டது!

எப்படி வந்தது இந்தப் பெயர்?

பெட்டி சிறியதான கதை

பழைய வால்வு ரேடியோ பெரிய மரப்பெட்டி. மின்சாரம் வேண்டும், அல்லது கனமான பேட்டரி வேண்டும். ஏரியல் கம்பி கட்ட வேண்டும். தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டணமும் செலுத்த வேண்டும். கிராமத்தில் மிராசுதார் வீட்டில் ஒன்று இருக்கும். மற்றவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோதான்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954ல் 'ரீஜென்சி டிஆர்-1' என்ற முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ 49.95 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. அடுத்த வருடமே ஜப்பானின் சோனி களத்தில் இறங்கியது. 1960களில் நம் ஊர்களிலும் டிரான்சிஸ்டர் பரவத் தொடங்கியது. டார்ச் லைட் பேட்டரி போட்டால் போதும், கையில் தூக்கிக்கொண்டு களத்துமேட்டுக்கே போகலாம்.

ஆனால் பெட்டி மட்டும் வந்தால் போதுமா? தமிழ்நாட்டிலேயே ஒரு உதாரணம் உண்டு. 1950ல் சென்னை தேனாம்பேட்டையில் நடந்த ஒரு கண்காட்சியில் பி. சிவகுமாரன் என்ற பொறியியல் மாணவர் டெலிவிஷனை இயக்கிக் காட்டினார். ஒரு கடிதத்தின் பிம்பம் திரையில் தெரிந்தது. கூடியிருந்தவர்கள் வியந்து பார்த்திருப்பார்கள். ஆனால் சென்னையில் டிவி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான். இடையில் 25 வருடங்கள்! ஒளிபரப்ப நிலையம் இல்லையென்றால் டிவி வெறும் கண்ணாடிப் பெட்டிதான்.

திருச்சியிலிருந்து ஒரு குரல்

ரேடியோவுக்கு அந்தக் குறை இல்லை. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்றே தொடங்கிவிட்டது. டெல்டா முழுவதும் அதன் ஒலி எட்டியது.

1956ல் புனே வட்டாரத்தில் 150 கிராமங்களில் யுனெஸ்கோ உதவியுடன் ஒரு சோதனை நடந்தது. கிராமத்தார் கூட்டமாக உட்கார்ந்து விவசாய நிகழ்ச்சியைக் கேட்பார்கள், பிறகு விவாதிப்பார்கள். அது பலன் தந்தது. 1960-61ல் மத்திய அரசு ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் தீவிர விவசாய மாவட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. 1966ல் வானொலியில் 'பண்ணை இல்ல' ஒலிபரப்புப் பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டன. அந்தந்த வட்டாரத்துப் பயிர், பூச்சி, உரம் பற்றி விவசாயம் தெரிந்தவர்களே பேசினார்கள்.

இதே சமயத்தில்தான் 1922ல் நிறுவப்பட்ட ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற புது நெல் வெளிவந்தது. ஜப்பானின் நோரின் 10 வகையையும் கோவையின் ஜி.இ.பி. 24 வகையையும் சேர்த்து உருவாக்கிய ஒட்டு ரகம் அது. குறுகிய நாளில் விளைந்து குறுவைக்கு ஏற்றதாக இருந்தது. இந்த விதை பற்றிய செய்தியைத் திருச்சி வானொலி ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. கடையில் போய் 'ஏ.டி.டி. 27' என்று கேட்பதைவிட 'ரேடியோ நெல்' என்று கேட்பது சுலபம். பெயர் நிலைத்துவிட்டது. விளம்பரச் செலவு ஒரு பைசா இல்லாமல் ஒரு பிராண்டு!

வணிகவியல் மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. புதுச் சாதனங்களை யார் முதலில் வாங்குவார்கள், யார் கடைசியில் வாங்குவார்கள் என்று மார்க்கெட்டிங் பாடத்தில் வரும் எவரெட் ரோஜர்ஸின் கோட்பாடு 1962ல் புத்தகமாக வந்தது. அதற்கு அடிப்படையாக அமைந்த ஆய்வுகளில் முக்கியமானது, அமெரிக்காவின் அயோவா விவசாயிகள் ஒட்டுரக மக்காச்சோள விதையை எப்படி ஏற்றார்கள் என்ற 1943ம் வருட ஆய்வு. ஆக, செல்போன் விற்பனைக்குச் சொல்லப்படும் பாடத்தின் வேரும் வயலில்தான் இருக்கிறது.

ரேடியோ சொல்லாதது

கதை இங்கேயே முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். விதை, உரம், மருந்து எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். நிலம் உள்ளவருக்கு அந்தச் செய்தி லாபம். தஞ்சை ஜில்லாவிலோ நிலமில்லாத கூலித் தொழிலாளர்கள் மிக அதிகம். விளைச்சல் கூடியபோது அறுவடைக் கூலியாக அளக்கும் நெல்லையும் கூட்டித் தரச் சொல்லி அவர்கள் கேட்டார்கள். தகராறு முற்றியது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதில் அதிகம். 1969ல் கிழக்குத் தஞ்சைக்காக நியாயக் கூலிச் சட்டம் கொண்டுவரப்பட்டது.

இந்தக் கொடுமைக்கு ரேடியோ காரணம் அல்ல. ஆனால் ஒரே அலைவரிசையில் ஒரே செய்தியைக் கேட்ட இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டுமே அது பயன்பட்டது என்பது உண்மை. மற்றவருக்கு அதைப் பயன்படுத்த நிலமே இல்லை.

முடிவாக

சி.இ.எஸ். போன்ற கண்காட்சியில் ஒரு சாதனத்தின் அளவு, விலை, வேகம் எல்லாம் எழுதி வைப்பார்கள். அதன் வழியாக யார் பேசுவார்கள், எந்த மொழியில் பேசுவார்கள், கேட்பவரிடம் அதைச் செயலாக்க என்ன இருக்கிறது என்பதை அங்கே எழுதி வைப்பதில்லை. டெல்டாவில் முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்ததால்தான் நெல்லுக்கு ரேடியோவின் பெயர் வந்தது. மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காதவர்களும் அதே வயலில்தான் நின்றார்கள்.

விவசாயிக்கான செல்போன் செயலி என்று இன்று எது வந்தாலும் கேட்க வேண்டியவை இந்த மூன்று கேள்விகள்தான். முக்கியமாக மூன்றாவது.