கல்லை வென்ற ஒளி

1658ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26ஆம் நாள். இலண்டன் மாநகரில், சாமுவேல் பெப்பீசு எனும் இருபத்தைந்து வயது இளைஞர், அசையாதபடி கட்டப்பட்டுக் கிடக்கிறார். மயக்க மருந்து இல்லை. அது வர ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகவேண்டும். நினைவு தப்பாத நிலையிலேயே கத்தி இறங்குகிறது. சிறுநீர்ப்பையிலிருந்து கல் வெளியே வருகிறது. பிழைத்தார் பெப்பீசு! கல்லைப் பேழையில் வைத்தார். ஆண்டுதோறும் அந்நாளில் விருந்து வைக்க உறுதி பூண்டார்.

பிழைத்தவர் விருந்து வைத்தார். மாண்டவர் எத்தனை பேர்? முறையாகக் கணக்கெடுத்தோர் அரியர்!

கத்திக்கு அஞ்சியவர்களைத் தேடிவந்தது, 'கைகண்ட மருந்து'. முட்டையோடு, நத்தை, சவுக்காரம் ஆகியவற்றால் ஆன சோவன்னா சிடீபன்சு அம்மையாரின் மருந்துக்கு, 1739இல் ஆங்கிலப் பாராளுமன்றமே சட்டம் இயற்றி 5,000 பவுன் பரிசுக்கு வழி செய்தது! கற்றவர் நிறைந்த மன்றமும், சரிவரச் சோதிக்கத் தவறினால் ஏமாறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பின்னர் வந்தார் பாரிசு மருத்துவர் சிவியால். 1824இல், உடலைக் கீறாமல், சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்திக் கல்லை உடைத்துக் காட்டினார். அதைவிடப் பெரிது, அவர் எடுத்த கணக்கு! கத்தி முறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மாண்டனர். புதுமுறையிலோ நூற்றில் இரண்டு மூன்று பேரே. 1835இல் இக்கணக்கு அறிவியற் கழகத்தின் முன் வந்தது. 'மருத்துவத்தில் எண்ணிக்கைக்கு என்ன வேலை?' என்று மறுத்தோர் உண்டு. எண்கள் நின்றன, மறுப்பு நிற்கவில்லை.

1917இல் ஐன்சுடைன் வகுத்த கோட்பாடு, 1960இல் மைமன் கையில் லேசர் ஒளியாயிற்று. 1968இல் அவ்வொளியைக் கல்மீது பாய்ச்சிப் பார்த்தனர். கல் உடைந்தது, ஆனால் வெப்பம், உயிருள்ள உடல் தாங்கும் அளவில் இல்லை. அறிவியல், தோல்வியை மறைக்கவில்லை, திருத்தியது. 1990களில் ஓல்மியம் லேசர் வந்தது. மயிரிழை போன்ற கண்ணாடி நார் வழியே, விட்டுவிட்டுப் பாயும் அவ்வொளியை நீர் விரைந்து உறிஞ்சிக்கொள்கிறது. கல் பொடியாகிறது. ஒரு மில்லிமீட்டருக்கு அப்பால் அவ்வொளி தசைக்குள் பெரிதும் ஊடுருவுவதில்லை.

தோழர்களே! கல்லடைப்பை முற்பிறவிப் பாவம் என்போர் இன்றும் உளர். பாவமன்று, நீர் குறையும்போது சிறுநீரிலுள்ள உப்புகள் உறைந்து கல்லாகின்றன. நேர்த்திக்கடன் முடிந்து வரட்டும் என்று அடைப்பு காத்திராது, சிறுநீரகத்தையே பாழாக்கிவிடும். வலியால் துடிப்பவரை மந்திரிப்பவரிடமன்று, மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம் கடமை.

கடமை அத்துடன் முடியவில்லை. மாளிகை வாழ்வோருக்குக் கிட்டும் அவ்வொளி, கதிரவன் காயும் கழனியில் வியர்வை சிந்தும் உழவனுக்கும் கிட்டவேண்டும். அவன் உடலில்தான் நீர் வற்றுகிறது. அவனிடம்தான் பணமும் இல்லை! கல்லை உடைக்கக் கற்றது அறிவு. இந்தத் தடையை உடைக்க வேண்டியவர்கள் நாம்.